பெயர்மாற்றம் ஊகத்திற்குரியதா?

கணினி நிரல் எழுதுவோர் தம் கோப்புகளில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் செய்தார், எப்பொழுது செய்தார், எதற்காகச் செய்தார் என்னும் விவரங்களோடு காத்துவைப்பதற்கென்று ஏற்படுத்திக்கொண்ட வெர்ஷன் கண்ட்ரோல் என்னும் ஏற்பாட்டைக் குறித்து, இன்று ஏறக்குறைய வேதவாக்காக வழங்கிவரும் கொள்கை ஒன்று உண்டு. ஒரு கோப்பின் பெயரை மாற்றினாலும் சரி, அதனை ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்த்தாலும் சரி, அச்செயலைத் தனியே பதிவு செய்யவேண்டியதில்லை. பழைய பெயரில் இருந்தது மறைந்தது, புதிய பெயரில் ஒன்று தோன்றியது என்ற அளவில் இருந்துவிட்டால் போதும். இரண்டும் ஒன்றே என்பதைப் பிற்காலத்தில் வேண்டும்போது உள்ளடக்கங்களை ஒப்பிட்டு இயந்திரமே கண்டுகொள்ளும் என்பது அக்கொள்கை. 2005 ஏப்ரலில் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் கருவி இக்கொள்கையின்மேல் எழுந்தது. அக்கருவியே உலகெங்கும் வழக்கில் நிலைத்துவிட்டமையால், கருவியின் ஒரு தன்மை தத்துவத்தின் ஸ்தானத்தைப் பெற்று, வேறுவிதமாக நினைப்பவர் விஷயம் அறியாதவர் என்று ஒதுக்கப்படும் நிலை வந்திருக்கிறது. இக்கொள்கை பிழையானது என்பதே என் துணிபு. அதற்கு ஆதாரம் தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. பெயர் மாறுவதையும் இடம்பெயர்வதையும் நூறாண்டுக்கு மேலாகக் கண்டுவரும் விருதுநகர்ச் சீமையே போதும்.

பரபக்கத்தை முற்றக் கூறிய பின்னரே சுபக்கத்திற்குப் போவது நம் தர்க்க நூலார் மரபாகையால், எதிர்த்தரப்பினர் கூறுவதில் உள்ள வலிமையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கிட் தோன்றுவதற்கு முன் நெடுங்காலம் வழங்கிய சி.வி.எஸ். என்னும் கருவியில் பெயர்மாற்றத்திற்கு வழியே இல்லை; பெயரை மாற்றியே ஆகவேண்டியவர் களஞ்சியத்தினுள் புகுந்து சரித்திரக் கோப்பையே கையால் நகர்த்திவிடுவார்; அவ்வாறு நகர்த்திய பின் பழைய பதிப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தால், அக்காலத்தில் இல்லவே இல்லாத புதுப்பெயர் அங்கும் வந்து நின்று பொய்ச்சாட்சி சொல்லும். 2004-இல் முதல் பதிப்பாக வெளிவந்த சப்வெர்ஷன் இக்குறையைத் தீர்க்க, புதிய கோப்பு எந்தக் கோப்பின் நகலாகப் பிறந்தது என்னும் குறிப்பைத் தன் ஏட்டிலேயே எழுதிவைத்தது. ஆனால் அந்தக் கருவிக்குச் சொல்லாமல் ஒருவர் தம் கணினியில் சாதாரணமாகக் கோப்பை நகர்த்திவிட்டுப் புதியதாகச் சேர்த்தால், தொடர்பு என்றென்றைக்கும் அறுந்தது அறுந்ததுதான். மனிதனுடைய ஞாபகத்தை நம்பி எழுப்பிய ஏற்பாடு மனிதனுடைய மறதியால் குலைவதைக் கண்டுதான், பதிவையே விட்டுவிட்டு உள்ளடக்கத்தை நம்புவோம் என்றனர் புதிய கொள்கையினர். அன்றியும், கோப்பு என்பது நாமாக வகுத்துக்கொண்ட எல்லையேயன்றி நிரலின் இயற்கையான அலகு அன்று என்றும், முழுக் கோப்பு நகர்வதைக்காட்டிலும் ஒரு கோப்பினுள் இருந்த சிறு பகுதி மற்றொன்றுக்குப் போவதே மிகுதி என்றும், கோப்பின் பெயர்மாற்றத்தை மட்டும் எழுதிவைக்கும் முறை இதைக் காணாது என்றும் அவர்கள் கூறுவது உண்மை. இன்றைக்குக் கிட்டில் ஒரு வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று வரிவரியாகத் தேடிக் காட்டும் வசதி இருக்கிறது. அது சப்வெர்ஷன் தராத பேறு. ஊகிக்கும் முறை நாளுக்குநாள் கூர்மையடையும்போது பழைய சரித்திரமும் புதிய வெளிச்சம் பெறும் என்பதும் அவர்களுடைய வாதம்.

இனி, ஊகம் எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை என்று பார்ப்போம்.

விருதுபட்டி என்று வழங்கிய ஊர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று. அவ்வூரும், சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் முதலான பகுதிகளும் அதற்கு முன்பே, 1910-இல், திருநெல்வேலி ஜில்லாவினின்று பிரிக்கப்பட்டு, மதுரை ஜில்லாவின் பகுதிகளோடு சேர்ந்து புதிதாக அமைந்த இராமநாதபுரம் ஜில்லாவிற்குள் வந்துவிட்டன. 1985 மார்ச்சில் இராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தது. ஒரு பகுதி பழைய பெயரையே வைத்துக்கொண்டது. ஒன்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் எனப்பட்டது. மற்றொன்று, விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, அவ்வூரிலே பிறந்த தலைவரின் பெயரால் காமராஜர் மாவட்டம் ஆயிற்று. 1997-இல் அப்பெயரும் நீங்கி விருதுநகர் மாவட்டம் என்னும் பெயர் நிலைத்தது. எண்பத்தேழு ஆண்டுகளில் ஒரே மண்ணும் ஒரே மக்களும் அடைந்த மாறுதல்கள் இவை.

இவற்றை அரசாணைகள் இல்லாமல், முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் மட்டும் கிட்டின் கையில் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 1997-இல் நிகழ்ந்ததை அது இமைப்பொழுதில் சொல்லிவிடும். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லையாகையால் உள்ளடக்கத்தினின்று கருவி கணக்கிடும் முத்திரை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். பெயர்மாற்றத்தை ஊகித்துவிடலாம் என்று வாதிப்பவர்கள் எடுத்துக்காட்டுவதெல்லாம் இத்தகைய எளிய நிகழ்ச்சிகளே. 1985-ஐக் கேட்டால் அது என்ன சொல்லும்? முத்திரை ஒன்றாக இல்லாதபோது, மறைந்துபோன பெயர்களையும் புதிதாகத் தோன்றிய பெயர்களையும் எதிரெதிரே நிறுத்தி, உள்ளடக்கம் பாதியளவேனும் ஒத்திருப்பவற்றை இணை சேர்ப்பதே அதன் வழக்கம். இராமநாதபுரம் என்னும் பெயரோ மறையவில்லை. அது இருந்துகொண்டே இருக்கிறது. இருந்துகொண்டிருக்கும் ஒன்றை, நகல்களையும் தேடு என்று தனிக்கட்டளை இட்டாலன்றி, வேறொன்றின் மூலமாக அக்கருவி கருதுவதே இல்லை. ஆகவே, இராமநாதபுரத்தில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது, எங்கிருந்தோ இரண்டு மாவட்டங்கள் புதிதாக முளைத்தன என்பதே அது தரும் சரித்திரம். தனிக்கட்டளை இட்டுக் கேட்டாலும், மூன்றில் ஒரு பங்கு போன்ற ஒரு பகுதி முழுமையோடு எத்துணை ஒத்திருக்கிறது என்று அளந்து பார்த்து, எல்லைக்கோட்டின் இப்புறமோ அப்புறமோ விழுவதைப் பொறுத்து ஆம் என்றோ இல்லை என்றோ கூறும். காமராஜர் மாவட்டம் இராமநாதபுரத்தினின்று பிறந்தது என்பது அளந்து தீர்மானிக்கவேண்டிய விஷயமா? அது ஒரு நாளில், ஓர் அதிகாரியின் கையொப்பத்தோடு நிகழ்ந்த காரியம் அன்றோ?

இந்தத் தொடர்பு அறுவதனால் வரும் நஷ்டம் கற்பனையன்று. 1899-இல் சிவகாசியில் நிகழ்ந்த கலகத்தைப் பற்றி ஆராயப் புகும் மாணவர் விருதுநகர் என்னும் தலைப்பில் தேடினால் ஒன்றும் கிடைக்காது; இராமநாதபுரம் என்னும் தலைப்பில் தேடினாலும் கிடைக்காது; அப்பொழுது சிவகாசி இருந்தது திருநெல்வேலி ஜில்லாவில். 1903-இல் காமராஜர் பிறந்த ஊருக்கு விருதுநகர் என்னும் பெயர் அன்றைக்கு இல்லை. ஆராய்வோர் வழிதவறாமல் போய்ச் சேர்வதற்குக் காரணம், 1910-இலும் 1923-இலும் 1985-இலும் இன்னது இன்னதாயிற்று என்று செய்தவர்களே எழுதிவைத்திருப்பதுதான்; இரு காலத்து ஏடுகளை அருகருகே வைத்து அவர்கள் ஒப்புமை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

1997-இல் ஊகம் பலித்தது என்று சொன்னேன். அங்கும் அது பாதியே பலித்தது. விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைப்பதாக அறிவித்ததை ஒட்டி அவ்வாண்டில் தென்மாவட்டங்களில் கலவரங்கள் மூண்டன. அதன் விளைவாக மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் எல்லாமே நீக்கப்பட்டன. காமராஜரின் பெயர் அவர் பிறந்த மாவட்டத்தினின்று நீங்கியதற்கு அவரைக் குறித்த மனக்குறை எதுவும் காரணமன்று. இதனை எந்த ஒப்புமைக் கணக்கு சொல்லும்? அதே விருதுநகரில், 1956 ஜூலை 27 அன்று, சென்னை ராஜ்யத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவேண்டும் என்பதைத் தலையான கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டு உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார், அவ்வாண்டு அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு முந்தின நாளும் மறுநாளும் ராஜ்யத்தின் நிலப்பரப்பில் ஒரு சாண் மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. உள்ளடக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே நிகழவில்லை. இதற்கு நேர்மாறாக, 1956 நவம்பர் முதல் தேதி மலபாரும் தென்கன்னடமும் பிரிந்துபோய்க் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தபோது உள்ளடக்கம் பெரிதும் மாறியும் பெயர் மாறாமல் நின்றது.

இந்த இரண்டாம் வகை நிகழ்ச்சியில்தான் எதிர்த்தரப்பினரின் முரண்பாடு வெளிப்படுகிறது. பெயர் வெறும் அடையாளச்சீட்டு, உள்ளடக்கமே பொருள் என்பது அவர்கள் கொள்கையானால், பெயர் மாறாமல் உள்ளடக்கம் முற்றும் மாறிய கோப்பை அவர்களுடைய கருவி வேறு கோப்பு என்றல்லவா கொள்ளவேண்டும்? அவ்வாறு கொள்வதில்லை, பிரித்துப் பார் என்று தனியே கட்டளையிடாதவரை, ஒரு வரியும் ஒவ்வாவிட்டாலும், பெயர் ஒன்றாயிருப்பது கொண்டே அதே கோப்பு திருத்தப்பட்டது என்று கொள்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைச் சேர்க்கலாகாது என்று கட்டளையிட்ட பின், பேரியம் நைட்ரேட்டை நம்பியிருந்த கம்பி மத்தாப்புக்கும் பச்சை ஒளிக்கும் சிவகாசித் தொழிற்சாலைகள் வேறு கலவைகளைத் தேடவேண்டியதாயிற்று. லேபிளில் பெயர் கம்பி மத்தாப்பு என்றே இருக்கிறது; பெட்டிக்குள் இருக்கும் மருந்து வேறு. கலவைக் குறிப்பேட்டை ஒரு கோப்பாகக் கருதினால், கிட் இதனைப் பழைய மத்தாப்பின் தொடர்ச்சி என்றே ஏற்றுக்கொள்ளும், பெயரை நம்பி. அதே குறிப்பேட்டைப் பசுமை மத்தாப்பு என்று பெயர் மாற்றிவிட்டால், அதன் மரபைப் பெயரை நம்பி ஏற்காது, மருந்தை அளந்து மறுத்துவிடும். பெயர் மாறாத இடத்தில் பெயரே பிரமாணம், பெயர் மாறிய இடத்தில் உள்ளடக்கமே பிரமாணம் என்றால், இதனை ஒரு சித்தாந்தம் என்று எவ்வாறு சொல்வது? பதிவு இல்லாத குறையைச் சந்தர்ப்பத்திற்கேற்றவாறு இட்டு நிரப்பும் ஏற்பாடு என்றே சொல்லவேண்டும்.

இக்கொள்கையினரே மாணாக்கருக்குக் கூறும் உபதேசம் ஒன்று இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. பெயரை மாற்றும்போது பெயரை மட்டும் மாற்றிக் கமிட் செய்யுங்கள், அதாவது சரித்திரத்தில் சேர்த்துவிடுங்கள். உள்ளே செய்யவேண்டிய திருத்தங்களை அடுத்த கமிட்டில் செய்யுங்கள் என்பர். ஏன்? இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஒப்புமை பாதிக்குக் கீழே இறங்கிக் கருவி ஏமாந்துபோகும். அதாவது, மறதியுடைய மனிதனை நம்பக்கூடாது என்று பதிவை நீக்கியவர்கள், அந்த மனிதன் ஒவ்வொரு முறையும் மறவாமல் தன் வேலையை இரண்டாகப் பிளந்து கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர். பதிவுக்கு வேண்டிய கவனத்தைக்காட்டிலும் இதற்கு வேண்டிய கவனம் மிகுதி, பலனோ குறைவு. பல கமிட்டுகளை ஒன்றாக அடக்கிச் சேர்க்கும் வழக்கம் உள்ள இடங்களில் அந்தப் பிளவு மறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, இருவர் வேலையை ஒன்றுசேர்க்கும் மெர்ஜ் என்னும் கட்டத்தில், இடையில் நடந்த கமிட்டுகளைக் கருவி வரிசையாகப் படிப்பதில்லை. இருவரும் பிரிந்த இடத்து நிலையையும் இருவருடைய இறுதி நிலைகளையும் மட்டுமே ஒப்பிடுகிறது. நடுவிலே ஒரு கமிட்டில் எவ்வளவு சுத்தமாகப் பெயரை மட்டும் மாற்றிவைத்திருந்தாலும், முடிவில் கோப்பு பாதிக்குமேல் திருந்தியிருந்தால் அந்தச் சாட்சியம் விசாரணைக்கே வருவதில்லை.

இதனால் வரும் கேட்டைச் சிவகாசி அச்சகம் ஒன்றின் கணக்கு நிரலை உதாரணமாக வைத்து விளக்கலாம். வரி கணக்கிடும் கோப்பின் பெயரை ஒருவர் மாற்றி, உள்ளேயும் பெரும்பகுதியைத் திருத்தி எழுதுகிறார். அதே காலத்தில் மற்றொருவர் பழைய பெயரில் உள்ள கோப்பில், காசு திருத்தும் இடத்தில் இருந்த ஒரு பிழையைப் போக்குகிறார். சேர்க்கும்போது கருவி, ஒருவர் அழித்துவிட்டார், மற்றவர் திருத்தியிருக்கிறார், எது வேண்டும் என்று கேட்கும். தீபாவளிக்கு முந்தைய அவசரத்தில் இருப்பவர் அழித்ததே சரி என்று ஒப்புக்கொள்ள, போக்கிய பிழை புதிய கோப்பில் அப்படியே தங்கிவிடும். இந்த இடத்திலாவது கருவி ஒரு கேள்வி கேட்டது. லேபிள் அச்சுக்கும் காலண்டர் அச்சுக்கும் தனித்தனியே எழுதிய இரண்டு கோப்புகள் தொடக்கத்தில் நீண்ட பொதுப்பகுதி கொண்டவையாயிருந்து, ஒருவர் ஒன்றை நீக்கி மற்றொன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தால், கருவி அதனைப் பெயர்மாற்றம் என்று எண்ணி, மற்றவர் லேபிளுக்கென்று செய்த திருத்தத்தைக் காலண்டர் கோப்பிலே கேட்காமலே கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். மௌனமாக நிகழும் இப்பிழையே எனக்குப் பெரிதும் அச்சமூட்டுகிறது.

மனிதன் மறப்பானே என்னும் ஆட்சேபத்திற்கு வருகிறேன். மறப்பான், அதற்காகப் பதிவை ஒழிப்பது விவேகமாகாது. நம் பத்திர எழுத்தர்கள் இதனை நூல் படியாமலே தெளிந்திருக்கின்றனர். விருதுநகர்ப் பக்கத்தில் ஓர் ஏக்கர் புஞ்சையைக் கிரயம் செய்யும் பத்திரத்தைப் பாருங்கள்: இச்சொத்து இன்ன தாய்ப்பத்திரத்தின்படி இன்னாரிடமிருந்து வந்தது என்று சொல்லும், பழைய சர்வே எண் இது, உட்பிரிவான பின் புதிய எண் இது என்று சொல்லும், அதன்பின், இதற்குச் செக்குபந்தி என்று தொடங்கி, வடக்கே யார் நிலம், கிழக்கே எந்தப் பாதை என்று நான்கெல்லையையும் சொல்லும். முன்னது பதிவு, பின்னது உள்ளடக்கம். எண்ணில் தவறு நேர்ந்தால் எல்லை காப்பாற்றும். அண்டை நிலத்தார் மாறி எல்லைப் பெயர்கள் பழசாகிவிட்டால் தாய்ப்பத்திரம் காப்பாற்றும். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று வாதித்த பத்திர எழுத்தரை எவரும் கண்டதில்லை.

கணினி உலகிலும் இவ்விரண்டையும் சேர்த்தாண்ட கருவிகள் இருந்தன, இருக்கின்றன. பஜார் என்னும் கருவி ஒவ்வொரு கோப்புக்கும் பெயரின் வேறான ஓர் அடையாளத்தைச் சேர்க்கும்போதே கொடுத்துவிட்டது. பெயர் எத்தனை முறை மாறினும் அடையாளம் மாறாது. கிட் தோன்றிய அதே 2005-இல் பிறந்த மெர்க்கூரியல், பெயர் மாற்றியவன் சொன்னால் அதனை எழுதிக்கொள்கிறது. சொல்லாமல் நகர்த்திவிட்டவன் பிறகு வந்து சொன்னாலும் எழுதிக்கொள்கிறது. அதுவும் சொல்லாதவனுக்கு, ஒப்புமையை அளந்து இது இதுவாயிற்று என்று தானே ஊகித்து, கமிட்டுக்கு முன் அவன் கண்முன் காட்டிப் பதிவாக்கிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. இங்கேயும் ஊகம் உண்டு. ஆனால் செய்தவன் அருகில் இருக்கும்போதே ஊகித்து, தவறானால் அவன் திருத்த இடம் கொடுக்கிறது. கிட்டோ, அவன் வேலையை விட்டுப்போய்ப் பத்தாண்டுகள் ஆன பின், கேட்பார் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஊகிக்கிறது. ஒப்புமை எல்லையை இவர் ஒருவிதமாகவும் அவர் ஒருவிதமாகவும் வைத்தால் இருவருக்கும் இருவேறு சரித்திரம் சொல்கிறது. ஒப்பிடவேண்டிய கோப்புகள் அளவுக்கு மிஞ்சினால், நெருக்கமான ஒப்புமைகளைத் தேடுவதையே கைவிட்டுவிடுகிறது. பெயர் மாற்றுவதற்கென்றே அதில் ஒரு கட்டளை இருப்பதனால் ஏதோ பதிவாகிறது என்று பயில்வோர் பலர் நம்புகின்றனர். பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதற்குமேல் அது ஒன்றும் செய்வதில்லை. சொல்பவன் சொல்லியும் எழுதிக்கொள்ள மறுக்கும் கருவிக்கு மனிதனின் மறதியைக் காரணம் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

சட்டம் இதில் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறதென்று பாருங்கள். வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாளும் குற்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 286-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 288-ஆம் பிரிவாயிற்று. அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பது 304-ஏ என்னும் இடத்தைவிட்டு 106-க்குப் போயிற்று. பட்டாசு ஆலை விபத்து வழக்குகளில் நாள்தோறும் ஆளப்படும் பிரிவுகள் இவை. வாசகம் ஒத்திருக்கிறதா என்று நீதிபதி அளந்து பார்த்துத் தொடர்பு கண்டுகொள்ளட்டும் என்று நாடாளுமன்றத்தார் விட்டுவிடவில்லை. பழைய சட்டம் நீக்கப்படுவதையும் அதன்கீழ்த் தொடங்கிய நடவடிக்கைகள் தொடர்வதையும் புதிய சட்டத்திலேயே எழுதினார்கள். நீக்கி மீண்டும் இயற்றிய சட்டத்தைச் சுட்டும் இடங்களைப் புதியதைச் சுட்டுவனவாகவே கொள்ளவேண்டும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் தன் 8-ஆம் பிரிவில் முன்னமே விதித்திருக்கிறது.

கோப்பு இயற்கையான அலகு அன்று என்னும் வாதத்தை முன்னரே ஒப்புக்கொண்டேன். அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவை மட்டும் ஒப்பேன். சிறு பகுதிகளும் நகர்கின்றன என்றால், அவற்றின் நகர்வையும் சொல்ல விரும்புவோர் சொல்வதற்கு இடம் வைக்கவேண்டும் என்பதே அதிலிருந்து கிடைக்கும் முடிவு. வரிவரியாகத் தேடும் வசதி அப்படியே இருக்கட்டும். பதிவு இருப்பதால் அதன் பிரயோஜனம் குன்றாது.

லினக்ஸ் போன்ற மாபெரும் நிரல்கள் இக்கருவியாலேயே நடக்கின்றனவே என்பது கடைசி ஆட்சேபம். நடக்கின்றன; அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் பகுதிக்குப் பகுதி பொறுப்பாளர்கள் படித்துப் பார்க்கின்றனர்; இன்ன கோப்பு இன்ன இடத்திற்குப் போயிற்று, இன்ன காரணத்தால் போயிற்று என்று கமிட்டின் குறிப்பில் மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிவைக்கின்றனர். கருவி எழுத மறுத்த பதிவை அவர்கள் உரைநடையில் எழுதுகிறார்கள். மூன்று பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்தில் அத்தகைய காவலர் இல்லை. அங்கும் பழைய பெயர், புதிய பெயர், காரணம் ஆகிய மூன்றையும் அரசாணை எழுதுவதுபோல் குறிப்பில் எழுதும்படி நான் கூறிவருகிறேன். பின்னால் தேடுவோருக்கு அது பயன்படும். ஆயினும் அந்தக் குறிப்பு மனிதன் படிக்கும் இடத்தில் இருக்கிறதேயன்றி, இருவர் வேலையை ஒன்றுசேர்க்கும் தருணத்தில் கருவி படிக்கும் இடத்தில் இல்லை. லேபிளுக்கான திருத்தம் காலண்டரில் போய் விழுவதை அதனால் தடுக்க இயலாது. கமிட்டோடு ஒட்டிய சில எழுத்துகளில் அடங்கிவிடும் அந்தப் பதிவுக்குக் கருவியினுள்ளேயே ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறேன்.